மேற்கு பார்த்த எலிவேஷனுக்கு ஒரு புகழுரை

வீட்டு முகப்பான எலிவேஷனே, தமிழ்நாட்டில் இன்று உன் பெயரைச் சொல்லாமல் யாரும் வானம் தோண்டுவதில்லை. எத்தனை அறை, அடுப்படி எந்த மூலை, காற்று எந்தப் பக்கம் என்பதெல்லாம் பிறகு. முதலில் செல்பேசியில் உன் 3டி படம் வந்தாக வேண்டும். தாம்பரம் தாண்டிய மனைப்பிரிவுகளிலும், மதுரை ஒத்தக்கடைப் பக்கத்திலும், கோவை சரவணம்பட்டியிலும் அந்தப் படத்தைக் காட்டாமல் அட்வான்ஸ் கேட்க மேஸ்திரிகள் தயங்குகிறார்கள். குலதெய்வத்துக்குப் படையலை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று பொறுக்கிற குடும்பம், உன் படம் ஒரு நாள் தாமதமானால் பொறுக்காது. இத்தனை பேரின் முதல் நினைப்பாக இருப்பது பெரிய பேறு. உன்னைப் புகழ்வதுதான் முறை. உள்ள பெருமையைக் குறைக்காமல், இல்லாததைக் கூட்டாமல் சொல்கிறேன்.

முதலில் உன் கொடை. நீ வீதியைப் பார்த்து நிற்கிறாய். உன்னைக் கட்டியவர் உள்ளே இருக்கும்போது உன்னைக் காண முடியாது. வெளியே கிளம்பும்போது உனக்கு முதுகைக் காட்டிப் போகிறார். மாலையில் வண்டியை நிறுத்திக் கேட்டைத் திறக்கிற அரை நிமிடம்தான் அவர் பங்கு. எதிர்வீட்டுக்காரரோ நாள் முழுக்கப் பார்க்கிறார். தவணை கட்டுவது ஒருவர், அதுவும் இருபது ஆண்டு. கண்குளிரக் காண்பது தெரு. ஊருக்குக் குளம் வெட்டியவர்களின் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். அழகை ஊருக்குக் கொடுத்துவிட்டு அதன் வெக்கையை மட்டும் தனக்கு வைத்துக்கொண்ட இந்தப் பெருந்தகையின் பெயரை எங்கே பொறிப்பது?

உன்னை ஆசைப்படுகிறவரைப் பற்றி நான் ஒரு சொல் குறைத்துப் பேசமாட்டேன். ஒழுகுகிற கூரைக்குக் கீழே பாத்திரம் வைத்து வளர்ந்தவர், வளைகுடாவில் பல ஆண்டு வெயிலில் நின்றோ, ஊரில் ஒரு பட்டறை வைத்தோ, மனைவியின் நகையை அடகு வைத்தோ கட்டுகிற முதல் கான்கிரீட் வீடு அது. தெரு நின்று பார்க்க வேண்டும் என்று அவர் நினைப்பதில் தப்பே இல்லை. தலைமுறை தலைமுறையாக யாரும் நின்று பார்க்காத குடும்பம். அந்த ஆசையின் நியாயம் உனக்கு நன்றாகத் தெரியும். கையில் பணம் தீர்ந்துபோகிற கடைசி மாதத்தில், மொட்டை மாடித் தட்டோட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். மேற்குப் பக்கச் சன்ஷேடு வேண்டாம் என்பார்கள். "எலிவேஷன்ல மட்டும் கை வைக்காதீங்க சார், வீடே செத்துரும்" என்று மேஸ்திரி சொன்னால் வீட்டுக்காரர் எதிர்த்துப் பேசமாட்டார். மனிதர் மனத்தை இவ்வளவு நுட்பமாக அறிந்த கட்டடப் பகுதி உன்னைத் தவிர வேறு இல்லை.

கண்ணாடியில் உன் கைவண்ணம் தனி. மேற்கு பார்த்த மனையில், கூடத்துக்கு முன்னால், இரண்டு மாடி உயரத்துக்கு நீ கண்ணாடி நிறுத்தும்போது சூரியனுக்கு அளிக்கும் மரியாதையை நம் பாட்டன் பூட்டன் யாரும் அளித்ததில்லை. அவர்கள் திண்ணை, தாழ்வாரம், மூங்கில் தட்டி என்று அவனை வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். நீ கூடம் வரை அழைத்து உட்காரவைக்கிறாய். சாதாரணக் கண்ணாடி, தன்மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். கோடைப் பிற்பகலில் மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் அளவில் வெயில் அடிக்கிறது. பத்தடிக்கு ஆறடி உள்ள கண்ணாடி ஏறத்தாழ ஐந்தரைச் சதுர மீட்டர். பெருக்கிப் பார்த்தால் இரண்டரைக் கிலோவாட்டைத் தாண்டுகிறது. குளியலறையில் தண்ணீர் காய்ச்சுகிற 2 கிலோவாட் ஹீட்டரைவிட அதிகம். ஏசியில் ஒரு டன் என்பது மூன்றரைக் கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஆக, கூடத்தில் மாட்டிய ஒன்றரை டன் ஏசியில் சரிபாதி உன் ஒரே ஒரு கண்ணாடிக்காக உழைக்கிறது. மீதிப் பாதி வீட்டு மனிதர்களுக்கு.

இதோடு முடியவில்லை. கண் கூசுகிறது என்று கனத்த திரை தொங்கவிடுகிறார்கள். திரை உள்பக்கம் இருப்பதால் வெப்பத்தில் பெரும்பகுதி அதற்குள் அறைக்கு வந்துவிட்டது. தடுக்கப்படுவது பெரும்பாலும் வெளிச்சம்தான். பிறகு பகல் மூன்று மணிக்கு விளக்குப் போடுகிறார்கள். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியால் பட்டப்பகலில் விளக்கெரிய வைப்பது எல்லாருக்கும் வாய்க்கும் கலை அல்ல.

சன்ஷேடை நீ ஒழித்துக்கட்டியதையும் சொல்ல வேண்டும். சன்னலுக்கு மேல் இரண்டடி நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கான்கிரீட் பலகை, பெட்டி பெட்டியாக நீ அடுக்கும் வடிவத்தில் உறுத்தலாகத் தெரிந்தது. எடுத்துவிட்டாய். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகல் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் வருகிறது; டிசம்பரில்தான் தெற்கே நன்றாகச் சாய்கிறது. அந்தச் சாய்வில்கூட இரண்டடிச் சன்ஷேடு ஒரு தெற்குச் சன்னலின் பெரும்பகுதியை நடுப்பகலில் நிழலில் வைத்திருக்கும். ஒரு யூனிட் மின்சாரம் கேட்காமல், பழுதாகாமல், வீடு இருக்கும்வரை வேலை செய்கிற பொருள் அது. மேற்கில் வெயில் கிடையாக வருவதால் அங்கே சன்ஷேடு மட்டும் போதாது. பக்கவாட்டுத் தடுப்போ மரமோ வராந்தாவோ வேண்டும். நீ இரண்டுக்கும் ஒரே தீர்ப்புச் சொன்னாய்: எதுவும் வேண்டாம். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை சாய்த்து அடிக்கும்போது சன்னலைத் திறக்க வழியில்லாமல் மூடிவைத்து, உள்ளே புழுங்கி, சுவர் ஓதம் ஏறிப் பெயின்ட் உரிந்து நிற்கிற வீடுகளைப் பார்க்கிறேன். முன்பக்கம் மட்டும் கோடு கோடாக அவ்வளவு நேர்த்தி.

கடற்காற்றை நீ கையாளும் விதமும் அப்படித்தான். சென்னையில் கோடைப் பிற்பகல் கடற்காற்று வந்துவிட்டால் ஊரே மூச்சு விடும். அந்தக் காற்றுக்கு உள்ளே நுழைய ஒரு வழியும் வெளியேற எதிரில் ஒரு வழியும் வேண்டும். நீ வைக்கும் பெரிய டஃபன் கிளாஸ் திறக்காது. பக்கத்து அறைகளில் வைக்கும் ஸ்லைடிங் சன்னல் ஒன்றின்மேல் ஒன்று நகர்வதால் பாதிதான் திறக்கும். நான்கு கதவு வைத்த பழைய மரச்சன்னல் முழுதும் திறந்தது. மேல்கதவைத் திறந்து கீழ்க்கதவைச் சாத்தினால் தெருக்கண் படாமல் காற்று மட்டும் வந்தது. அதைச் சட்டத்தோடு கழற்றி விறகு விலைக்கு விற்ற பிறகுதான் உனக்கு இடம் கிடைத்தது.

நிறத்தில் இப்போது உனக்குப் பிடித்தது அடர் சாம்பல். கரிய நிறம் வெயிலின் பெரும்பகுதியைக் குடித்துக்கொள்ளும், வெள்ளைச் சுண்ணாம்பு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வெயில் காயும் ஊரில் வெயிலைக் குடிக்கிற நிறத்தைத் தேர்ந்தெடுத்தாய். அதன்மேல் ஏசிபி ஷீட்டும் ஒட்டுகிறாய். இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக். மலிவான ரகத்தில் அந்த நடுப்பகுதி எரியக்கூடிய பாலிஎத்திலீன்.

இந்த இடத்தில் எனக்குப் புகழ வாய் வரவில்லை. லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பை 2016-இல் புதுப்பித்து முடித்தார்கள். குளிருக்கு வெப்பக் காப்பு வேண்டும், வெளித்தோற்றமும் திருந்த வேண்டும் என்று சுற்றிலும் இந்த வகைத் தகட்டை அடித்தார்கள். 2017 ஜூன் 14 அதிகாலையில் ஒரு வீட்டு அடுக்களையில் தொடங்கிய தீ அந்த வெளிப்போர்வையைப் பற்றிக்கொண்டு மேலேறியது. 72 பேர் இறந்தார்கள். தீ அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அந்தத் தகட்டின் பாலிஎத்திலீன் நடுப்பகுதியே முதன்மைக் காரணம் என்று பொது விசாரணை முடிவு சொன்னது. நம் ஊர் இரண்டு மாடி வீடு அந்தக் கோபுரம் அல்ல. ஆனால் ஷீட் வாங்கும்போது நடுவில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்கிற உரிமை வீட்டில் தூங்குகிற குழந்தைகளுக்காவது உண்டு.

புகழுக்குத் திரும்புகிறேன். இரவில் உன் ஒளி. கைப்பிடிச் சுவரின் கீழே, பெட்டியின் விளிம்பில், படிக்கட்டின் ஓரத்தில் ப்ரொஃபைல் லைட். மீட்டருக்குப் பத்து வாட் என்று வைத்தாலும், இருபது மீட்டர் ஓடினால் 200 வாட். மாலை ஆறு முதல் பதினொன்று வரை எரிந்தால் நாளுக்கு ஒரு யூனிட். தமிழ்நாட்டில் ஈ.பி. கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட்டை இலவசம் என்று அரசு 2016-இல் அறிவித்தது. ஏழை வீட்டில் ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் கவலையில்லாமல் ஓடட்டும் என்று வந்த அந்த நூறில் அறுபதைத் தெருநாய்களும் பால்காரரும் பார்த்து மகிழ நீ எரித்துவிடுகிறாய். உன் கொடைக்கு இரவு பகல் கிடையாது.

இவை எல்லாவற்றையும்விட உன் பெரிய சாமர்த்தியம், மொட்டை மாடியை மறக்கவைத்ததுதான். தெருவில் நிற்பவருக்கு மாடித் தளம் தெரியாது. சூரியனுக்கு அதுதான் முன்பக்கம். நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் வரும் வெப்பத்தில் பெரும்பங்கு தலைக்கு மேலிருந்து வருகிறது. நான்கைந்து அங்குல வெறும் கான்கிரீட் கோடையில் மேற்பரப்பில் 60 டிகிரி வரை காய்ந்து, பகல் முழுக்க வாங்கியதை இரவு படுக்கும் நேரத்தில் உள்ளே இறக்குகிறது. மின்விசிறி அந்த வெக்கையைத்தான் கீழே தள்ளுகிறது. மத்திய மின்துறை 2018-இல் வெளியிட்ட ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற குடியிருப்பு விதித்தொகுப்பு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் கூரை வழியே வெப்பம் இறங்கக் கூடாது என்கிறது. வெறும் கான்கிரீட் தளத்தில் அது மூன்றைத் தாண்டும். பெரிய மனைகளை மனதில் வைத்து எழுதிய விதிதான் அது. சூரியன் மனையை அளந்து பார்த்து அடிப்பதில்லை.

இதற்கு மருந்து நம் கொத்தனார்களுக்குத் தெரியாததல்ல. தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் நாள் கணக்கில் தட்டி இறுக்கி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மேலே தட்டோடு பதித்தார்கள். வெப்பமும் எளிதில் இறங்காது, மழைநீரும் இறங்காது. இப்போது வெள்ளை ஓடு பதிக்கலாம், வெப்பத்தைத் திருப்பும் பூச்சு அடிக்கலாம். ஒன்றுக்கும் வழியில்லாதவர் கோடைக்கு முன் சுண்ணாம்பு அடித்தாலே இரவில் வேறுபாடு தெரியும். தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. உன் முகப்பில் பதித்த கிளாடிங் கல்லின் விலையில் ஒரு பகுதி போதும், தளம் முழுக்க வெள்ளையாகிவிடும். ஆனால் அதை யாரும் படமெடுத்துப் போடமாட்டார்கள். மாடிப் போர்ஷனில் கைக்குழந்தையோடு வாடகைக்கு இருக்கிற பெண், இரவெல்லாம் ஈரத்துணி விரித்துப் பிள்ளையைப் படுக்கவைப்பது தெருவுக்குத் தெரியாது. அவள் கொடுக்கும் வாடகையில் உன் தவணை அடைகிறது.

உன் தலைமேல் ஒரு மகுடமும் உண்டு. படிக்கட்டு அறையின் மேல் எழுப்பும் ஹெட்ரூம், அதன் இருபுறமும் இறக்கை, நடுவில் ஒரு வளைவு. வெயிலை விரட்டாத நீ அங்கே மட்டும் தாராளமாக நிழல் தருகிறாய். சோலார் பலகை வைக்க வேண்டிய இடத்தில். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். மூன்று கிலோவாட் போட்டால் சராசரியாக நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் எதிர்பார்க்கலாம். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியமும் அறிவித்தார்கள். வரிசையாக இணைத்த பலகைகளில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் வரிசை முழுவதும் தளர்ந்துபோகும். அளக்க வந்த ஆள் உன் மகுடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிப் போகிறார்.

வாசலில் நின்ற வேப்பமரம் உனக்குப் போட்டியாக இருந்தது. "வீடு தெரியல" என்றார்கள். வெட்டினார்கள். மேற்கு வெயிலை இலை இலையாக வடிகட்டிய மரம் போன இடத்தில் பேவர் பிளாக் பதித்து, ஓரத்தில் பிளாஸ்டிக் புல் விரித்து, இரண்டு தொட்டியில் கத்தரித்த செடி வைத்தார்கள். வெயிலில் அந்தப் புல்லின்மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. மழைநீர் மண்ணில் இறங்காமல் தெருவுக்கு ஓடுகிறது. இப்போது வீடு நன்றாகத் தெரிகிறது. வெயிலுக்கும் நன்றாகத் தெரிகிறது. ஊர்க்கண் பட்டுவிடுமே என்று நெற்றியில் திருஷ்டிப் பூசணி தொங்குகிறது. வெயிலின் கண்ணுக்கு ஒரு மருந்தும் இல்லை.

இத்தனைக்கும் காணிக்கை வாங்கும் இடம் ஈ.பி. ரசீது. ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சராசரியாக ஒன்றேகால் யூனிட் இழுக்கிறது என்றால், இரவு எட்டு மணி நேரம், அறுபது நாளில் 600 யூனிட். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 200 யூனிட் வரைக்கும் கிடைக்கிற சலுகை விலையும் கைவிட்டுப் போகும். வேறு கட்டண வரிசைக்கு மாறிவிடுவோம். 2024 ஜூலையில் நிர்ணயித்த விலையில் ஆயிரத்துக்கு மேலே ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய் 80 காசு. அந்தக் கணக்கில் 480 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு ஏறத்தாழ 1,700 ரூபாய். 1,100 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு ஏறத்தாழ 8,200. யூனிட் இரண்டு மடங்கைச் சற்றே தாண்டியது, பணம் ஐந்து மடங்கை நெருங்கியது. தவணைக்கு ஒரு தேதி, உனக்கு ஒரு தேதி. கூடத்து ஏசியை விருந்தாளி வந்தால் மட்டும் போடுவது என்று முடிவெடுத்து, வீட்டு மக்கள் எல்லாரும் ஒரே படுக்கையறையில் நெருக்கிப் படுக்கிற வீடுகளை எனக்குத் தெரியும். மூவாயிரம் சதுர அடி கட்டி, நூற்றிருபது சதுர அடியில் வாழ்கிறார்கள்.

உன் அருள் பக்கத்து வீட்டுக்கும் பாய்கிறது. ஏசி, அறையிலிருந்து எடுக்கும் வெப்பத்தோடு தான் தின்னும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து வெளியே ஊதுகிறது. முன்பக்கம் வைத்தால் உன் அழகு கெடும் என்று அந்தப் பெட்டியை மூன்றடிச் சந்தில் மாட்டுகிறார்கள். அதற்கு நேர் எதிரே ஒரு ஓட்டுவீட்டின் சன்னல். ஏசி வாங்க முடியாத அந்த வீட்டார் மே மாதம் முழுக்க சன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்கள்.

அதே தெருவில் இன்னொரு வீடு உண்டு. அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் பெருமை விளங்காது. அந்த வீட்டைப் படமெடுக்க முடியாது, புங்கமரம் மறைக்கிறது. சுவரில் டெக்ஸ்சர் கிடையாது, ஆண்டுக்கு ஒருமுறை சுண்ணாம்பு. சன்ஷேடுகள் பழைய காலத்துப் புருவம் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கின்றன. மேற்குப் பக்கம் செங்கலில் ஓட்டை ஓட்டையாக ஒரு ஜாலிச் சுவர், அதன்மேல் முல்லைக்கொடி. கண்ணாடிக் கூடம் இல்லாததால், தெருவில் போகிறவர்கள் உள்ளே என்ன டிவி என்று தெரிந்துகொள்ள வழியில்லை. மாடித் தளம் பழைய தட்டோடு, அதன்மேல் வெள்ளைப் பூச்சு. நிலவு நாளில் கண் கூசும். மின்விசிறிகள் 75 வாட் தின்கிற பழையவை அல்ல, 30 வாட்டில் ஓடும் புதியவை. நாளுக்குப் பன்னிரண்டு மணி ஓடினால் ஒரு விசிறியே இரண்டு மாதத்தில் முப்பது யூனிட்டைத் தின்னாமல் விடுகிறது. இதனால் மின்வாரியத்துக்கு அந்த வீட்டால் பெரிய வருமானம் இல்லை. ஏசி ஒன்று இருக்கிறது, சோம்பேறி. மே மாதத்தில் 26 டிகிரியில் வைத்தால் சற்று நேரத்தில் வேலை முடிந்து நின்றுவிடுகிறது. மதியத்தில் அந்தத் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள், கூரியர் கொண்டுவந்த பையன், கீரைக்காரம்மா. எழுந்து போகச் சொல்ல அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியவில்லை. தண்ணீரும் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்.

அழகுக்கும் குளிர்ச்சிக்கும் பகை என்று உன்னை வைத்துத்தான் பலர் நம்பிவிட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளைவிடத் தோரணையாக யார் முகப்பு வைத்தார்கள்? கைப்பிடிச் சுவரில் சுதைச் சிற்பம், தூணுக்குப் பர்மாத் தேக்கு, தரையில் ஆத்தங்குடிக் கல். ஊர் பார்க்க வேண்டும் என்றுதான் கட்டினார்கள். ஆனால் அந்த முகப்புக்குப் பின்னால் முற்றம் இருந்தது. முற்றத்தில் காற்று மேலே எழுந்து போனது. முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் இருந்தது. தடித்த சுவரில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தது. ஒரு தெருவில் வாசலும் மறு தெருவில் பின்வாசலுமாக வீடு நீளத்துக்கும் காற்றோடியது. அங்கே முகப்பு வீட்டின் வேலையில் ஒரு பங்கைச் செய்தது. உன்னைப் போல வெளியே நின்று வேடிக்கை காட்டவில்லை.

எலிவேஷனே, உன்னைப் போகச் சொல்ல எனக்கு மனமில்லை. தெரு திரும்பிப் பார்க்கிற ஒரு வீடு அந்தக் குடும்பத்துக்கு வேண்டும். நீயும் இரு, உனக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். சன்ஷேடைப் பெட்டி வடிவத்துக்குள் மறைக்காமல் நீண்ட ஒற்றைக் கோடாக இழு, அதுவே அழகு. மேற்கில் கண்ணாடிக்குப் பதில் சுட்டமண் ஜாலி நிறுத்து. மாலை வெயில் அதன் வழியே தரையில் போடும் கோலத்துக்கு எந்த ப்ரொஃபைல் லைட்டும் ஈடாகாது. கண்ணாடி வேண்டுமானால் வடக்கில் வை, திறக்கிற மாதிரி வை. சாம்பல் நிறத்தை இரண்டு பட்டையோடு நிறுத்திக்கொண்டு மீதியை வெளிர் நிறத்துக்கு விடு. மகுடத்தைத் தளத்தின் வடக்கு ஓரத்துக்குத் தள்ளு, தெற்கே பலகைகளுக்கு இடம் கிடைக்கும். மரம் இருந்தால் அதைச் சுற்றி உன்னை வரையச் சொல்.

இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். சன்ஷேடுக்குக் கம்பி விடுவது லிண்டல் கான்கிரீட் போடும்போது. அந்த நாள் போய்விட்டால், பிறகு சுவரைக் குடைந்து கம்பி செருகித்தான் நீட்ட வேண்டும். செலவும் கூடும், பிடிப்பும் அவ்வளவு இராது. ஆகவே லிண்டலுக்குப் பலகை அடிக்கிற அன்று காலையிலேயே போய்விடுங்கள். 3டி படத்தை மடித்து வைத்துவிட்டு, மேற்குப் பக்கம் போய் நின்று, "மேஸ்திரி, இந்தச் சன்னலுக்கு எத்தனை அடி விட்டிருக்கீங்க?" என்று கேளுங்கள். இரண்டு அடிக்குக் குறைவாகச் சொன்னால் கான்கிரீட் கலக்க விடாதீர்கள்.